பாலைவனத்துல நெட் யாருக்குச் சொந்தம்?

மக்களே, முதல்ல ஒரு கேள்வி.

ஒரு வறண்ட ஏரி. மரம் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, கரண்ட் கம்பம் கிடையாது. பக்கத்துல இருக்கிற ஊர்ல ஒரு இருநூறு பேர் இருந்தாலே அதிகம். ஆகஸ்ட் கடைசி ஆனா போதும், அந்த ஏரிக்குள்ள எழுபதாயிரம் பேர் வந்து ஒரு வாரம் குடியிருக்காங்க. அந்த ஒரு வாரம் உள்ளே யாரும் கடை போடக் கூடாது. ஸ்பான்சர் பேனர் ஒண்ணுகூடக் கட்டக் கூடாது. இவங்களுக்கு இன்டர்நெட் கொடுக்கிற பொறுப்பு உங்களோடது. எப்படிக் கொடுப்பீங்க?

பார்ட் சி கேள்வி மாதிரி இருக்கா? ஆனா இடம் நிஜம், கூட்டமும் நிஜம். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனத்தில் வருஷா வருஷம் நடக்கிற 'பர்னிங் மேன்' திருவிழாதான் அது. இந்தக் கேள்விக்கு அங்கே இருபது வருஷத்துக்கும் மேலா பல பேர் பல விதமா பதில் எழுதிக்கிட்டு இருக்காங்க. சில பதில்கள் ரொம்ப அழகு. சமீபத்திய பதில் ரொம்ப வசதி. எனக்கு அந்த அழகான பதில்தான் சரின்னு படுது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஊரைப் பார்ப்போம்

1986-ல் லாரி ஹார்வி, ஜெர்ரி ஜேம்ஸ் என்ற இரண்டு பேர் சான் ஃபிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில், சில நண்பர்களோடு சேர்ந்து எட்டடி உயர மர மனிதன் ஒன்றை எரித்தார்கள். அதுதான் தொடக்கம். 1990-ல் கூட்டம் பாலைவனத்துக்கு இடம் மாறியது. இன்றைக்கு அது கடிகார முகம் மாதிரி வட்ட வட்டமாகத் தெரு போட்ட ஒரு தற்காலிக நகரம். முகவரியே "ஏழரை மணி தெரு" என்கிற மாதிரிதான் இருக்கும். நடுவில் அந்த மர மனிதன். வார இறுதியில் அதை எரித்துவிட்டு, ஊரையே பிரித்து எடுத்துக்கொண்டு, ஒரு ஆணிகூட விடாமல் பொறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அது அரசு நிலம். அப்படிச் சுத்தம் செய்தால்தான் அடுத்த வருஷம் அனுமதி கிடைக்கும்.

2004-ல் ஹார்வி இந்த ஊருக்குப் பத்துக் கொள்கைகள் எழுதினார். அதில் ஒன்று, உள்ளே வியாபாரமும் விளம்பரமும் வரக் கூடாது. இன்னொன்று, திரும்ப எதையும் எதிர்பார்க்காமல் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பசித்தால் யாராவது ஒரு கேம்ப்பில் தோசைக்கல் மாதிரி ஒன்றில் ஏதாவது சுட்டுக் கொடுப்பார்கள். சைக்கிள் பழுதானால் இன்னொரு கேம்ப்பில் சரி செய்து கொடுப்பார்கள். காசு கொடுத்து வாங்க ஐஸ் மாதிரி ஒன்றிரண்டு சமாச்சாரம்தான் இருக்கும்.

"அப்போ எல்லாம் ஃப்ரீயா?"ன்னு கேட்காதீங்க. 2023-ல் சாதாரண டிக்கெட் 575 டாலர். வண்டி அனுமதி, தண்ணீர், சாப்பாடு, கூடாரம் எல்லாம் தனி. பணக்காரங்க விளையாட்டுன்னு அதைத் திட்டுறவங்க இருக்காங்க. அந்தத் திட்டுல நியாயமும் இருக்கு. ஆனா வாசலைத் தாண்டின பிறகு உள்ளே பணம் பேசக் கூடாதுங்கிற விதி ஒரு எஞ்சினியருக்கு ரொம்ப சுவாரசியமான விதி. நாம படிச்ச ஒவ்வொரு நெட்வொர்க்கும் யாரோ மாசா மாசம் பில் கட்டுவாங்கன்னு நம்பித்தான் டிசைன் ஆகியிருக்கு. பில்லே இல்லாத ஊருக்கு எப்படி டிசைன் பண்றது?

நம்ம துறைக்கும் இந்த ஊருக்கும் பழைய சொந்தம் உண்டு. கூகுளின் முதல் டூடுல், 1998 ஆகஸ்ட் 30 அன்று போட்டது, இந்த மர மனிதனின் படம்தான். லாரி பேஜும் செர்கே பிரின்னும் "நாங்க ஆபீஸ்ல இல்ல, திருவிழாவுக்குப் போயிருக்கோம்" என்று சொல்வதற்காக லோகோவுக்குள் அதைச் சொருகிவிட்டுப் போனார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தா

சரி, டிசைனுக்கு வருவோம். ரொம்பத் தாராளமா, ஒரு ஜிகாபிட் இணைப்பு உங்க கையில இருக்குன்னு வெச்சுக்கோங்க. எழுபதாயிரம் பேருக்கும் சமமா வகுத்தா ஆளுக்குச் சுமார் 14 கிலோபிட். பழைய டயல்-அப் மோடத்தைவிடக் கம்மி. பத்துல ஒருத்தர்தான் ஒரே நேரத்துல தொடுவாங்கன்னு வெச்சாலும் 140 சொச்சம் கிலோபிட். மெசேஜ் போகும். போட்டோ தவழ்ந்து தவழ்ந்து போகும். ரீல்ஸ் போகாது.

செல்போன் டவர் நிலைமையும் இதேதான். டவர் வைக்கிற கம்பெனி அந்த ஊர் ஜனத்தொகையைப் பார்த்துத்தான் வைக்கும். நூறு இருநூறு பேருக்கு வைத்த டவர் மேல் எழுபதாயிரம் பேர் ஏறினால் என்ன ஆகும்? போனில் சிக்னல் கட்டம் காட்டும், ஆனால் கால் போகாது. நம்ம கல்ச்சுரல்ஸ் அன்னைக்கு ஓபன் ஆடிட்டோரியத்துல நின்னு யாருக்காவது கால் பண்ணிப் பார்த்தவங்களுக்கு இது புரியும். வருஷத்தில் ஒரு வாரத்துக்காக அங்கே பெரிய டவர் போட எந்த நிறுவனத்துக்கும் வியாபாரக் காரணம் இல்லை.

அப்போ வைஃபை? அந்த ஏரித் தரை தட்டையிலும் தட்டை. குறுக்கே கட்டிடம் இல்லை, மரம் இல்லை. ரேடியோவுக்கு இது வரம் மாதிரித் தெரியும். ஆனா உங்க சிக்னல் தடையில்லாம போற மாதிரி, அடுத்தவங்க சிக்னலும் தடையில்லாம உங்க மேல வந்து விழும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் ஒன்றை ஒன்று இடிக்காத சேனல்கள் மூன்றுதான். நம்ம ஹாஸ்டல்ல சுவராவது இருக்கு, பக்கத்து பிளாக் ரூட்டரைக் கொஞ்சம் மறைக்கும். அங்கே கேம்ப்புக்கு ஒரு ரூட்டர் என்று ஆளாளுக்கு ஆன் செய்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற சந்தைக்கடைதான். யாருக்கும் எதுவும் கேட்காது.

இன்னொன்று டவர் உயரம். பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு லிங்க் போட்டால், நடுவழியில் முதல் ஃப்ரெனல் மண்டலத்தின் ஆரம் சுமார் 12 மீட்டர் வரும். அதில் அறுபது சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். தரையோடு தரையாக ஒரு டிஷ்ஷை வைத்துவிட்டு "நேர்ல தெரியுதே, ஏன் லிங்க் வரல?"ன்னு கேட்டா பிரயோஜனம் இல்லை. கம்பத்தை உசத்தணும். ஆனா உசத்துற கம்பத்தைப் புழுதிக்காற்று தள்ளும். அதுக்கு இழுகயிறு கட்டணும். இழுகயிறு ராத்திரியில சைக்கிள்ல வர்றவன் கண்ணுக்குத் தெரியாது, அதனால அதுக்கும் லைட் கட்டணும். லைட்டுக்குக் கரண்ட் வேணும்...

அப்புறம் தூசி. அந்த ஏரித் தூசி மாவு மாதிரி நைசா இருக்கும், காரத்தன்மை உள்ளது. கால் தோலையே வெடிக்க வைக்கும். அங்கே போறவங்க வினிகர் கலந்த தண்ணியில கால் கழுவுறது அதனாலதான். ரூட்டருக்கு ஃபேன் வைத்தால் ஃபேன் தூசியை இழுத்து உள்ளே ரொப்பும். ஃபேன் இல்லாமல் பெட்டியை இறுக மூடினால் பகல் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது உள்ளே வெந்துவிடும். ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். ஜெனரேட்டர், பேட்டரி, சோலார் எதுவா இருந்தாலும் நீங்கதான் சுமந்துட்டுப் போகணும், நீங்கதான் சுமந்துட்டு வரணும்.

இவ்வளவு பாடுபட்டு யாருக்காகக் கட்டணும்? சம்பளம் கிடையாது. நன்றின்னு போஸ்டர்கூட ஒட்ட மாட்டாங்க. ஆனாலும் கட்டினாங்க. பல வருஷங்களா தன்னார்வலர்கள் கம்பம் நட்டு, வெளியிலிருந்து இணைப்பை இழுத்து வந்து, மற்ற கேம்ப்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்காங்க. ஒரு கேம்ப் தோசை கொடுத்தது, ஒரு கேம்ப் பேண்ட்விட்த் கொடுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2008: ஒரு லேப்டாப், ஒரு கம்பம், 120 கால்

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

டேவிட் பர்ஜெஸ், ஹர்விந்த் சம்ரா என்ற இரண்டு எஞ்சினியர்கள் 'ஓபன்பிடிஎஸ்' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். ஜிஎஸ்எம் டவரில் இருக்கும் விலை உயர்ந்த பெட்டிகள் செய்கிற வேலையை, ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் ஒரு சாஃப்ட்வேர் ரேடியோவும் சேர்ந்து செய்ய முடியும் என்பதுதான் ஐடியா. உங்க கையில் இருக்கும் சாதாரண போன் அதோடு பேசும். உள்ளே அந்த போன் 'ஆஸ்டரிஸ்க்' எக்ஸ்சேஞ்சின் ஒரு எக்ஸ்டென்ஷன் நம்பராக மாறிவிடும். அங்கிருந்து கால் இன்டர்நெட் வழியாக வெளியே போகும். ஜிஎஸ்எம்-ல் ஒரு கேரியருக்கு எட்டு டைம் ஸ்லாட், ஒன்று கண்ட்ரோலுக்குப் போனால் மிச்சம் ஏழு கால். நாம தியரியா படிச்சதுதான். அவங்க அதைப் புழுதியில நட்டு ஓட்டிக் காட்டினாங்க.

2008 ஆகஸ்டில், அரசிடம் தற்காலிக அனுமதி வாங்கி, ஒரு வாரம் பர்னிங் மேனில் சோதனை செய்தார்கள். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் எண்ணமே இல்லை. ஆனால் ஆஸ்டரிஸ்கில் ஏதோ ஒரு கான்ஃபிகரேஷன் பிசகு. சர்வதேச முன்குறி போட்டு டயல் செய்தால் கால் வெளியே போனது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் சுமார் 120 கால், 95 நம்பர்களுக்குப் போனது.

இதை ஒரு பக் ரிப்போர்ட்டா மட்டும் படிக்காதீங்க. "நாங்க உலகத்தை விட்டுட்டு வந்தோம்"னு சொல்ற கூட்டத்துக்குள்ள ஒரு சின்ன ஓட்டை கிடைச்சதும் மனுஷங்க அதுல புகுந்து வெளியே யாரோ ஒருத்தருக்கு கால் பண்ணியிருக்காங்க. என்ன பேசினாங்கன்னு தெரியாது. ஆனா தேவை இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

அடுத்தடுத்த வருஷங்களில் சோதனை பெரிதானது. 2009-ல் மூன்று செக்டர், 2011-ல் மூன்று இடங்களில் டவர், வெளியே போக சாட்டிலைட் இணைப்பு. அது அங்கேயே நிற்கவும் இல்லை. 2010-ல் பசிபிக் கடலில் இருக்கும் நியுவே தீவில் ஓபன்பிடிஎஸ் நிறுவப்பட்டது. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத தீவு. பெரிய கம்பெனிகளுக்கு அங்கே கணக்குக் கட்டாது. இந்த மலிவான பெட்டிக்குக் கட்டியது. 2013-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட்டிஸ் ஹைமெர்ல் குழு இதே மென்பொருளை எடுத்துக்கொண்டு இந்தோனேசியாவின் பப்புவா மலைக் கிராமம் ஒன்றுக்குப் போனது. அதே 2013-ல் மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் தலேயா தெ காஸ்த்ரோ என்ற ஊர், பெரிய கம்பெனிகள் வராததால், தனக்கான செல்போன் நெட்வொர்க்கைத் தானே நடத்த ஆரம்பித்தது.

யோசிச்சுப் பாருங்க. திருவிழா நடக்கிற ஏரிக்கும் இந்த ஊர்களுக்கும் என்ன ஒற்றுமை? கரண்ட் கம்பி இல்லை, ஆள் எண்ணிக்கை கம்பெனிக்குப் பிடிக்கிற மாதிரி இல்லை, லாபம் இல்லை. வியாபாரத்துக்கு ஒத்துவராத இடத்துக்கு நெட்வொர்க் கட்டக் கத்துக்கிட்டா, வியாபாரம் எட்டிப் பார்க்காத ஊருக்கும் கட்டலாம். கொண்டாட்டத்துக்கு வந்தவங்களுக்கு கால் போகலைன்னா பெரிய நஷ்டம் இல்லை. அதனாலதான் அங்கே தைரியமா தப்புப் பண்ணிக் கத்துக்க முடிஞ்சது. மலைக் கிராமத்துல போய் முதல் தப்பைப் பண்ண முடியாது.

இந்தச் சங்கிலியில் நம்ம ஊரும் ஒரு கண்ணி. ஹைமெர்ல் வந்தது பெர்க்லியில் எரிக் ப்ரூவர் நடத்திய ஆராய்ச்சிக் குழுவிலிருந்து. அதே குழுதான் 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களையும் நீண்ட தூர வைஃபையால் இணைக்க உதவியது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை மருத்துவர் வீடியோவில் பார்ப்பதற்காக. வைஃபை வீட்டுக்குள் ஓடச் செய்த சமாச்சாரம். ஒரு பாக்கெட் அனுப்பினால் "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கே சுமார் 67 மைக்ரோ செகண்ட் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அவர்கள் அந்த முறையையே மாற்றி, இரண்டு பக்கமும் முறை வைத்துப் பேசுகிற மாதிரி ஆக்கினார்கள். 'வைல்ட்நெட்' என்று தேடுங்க, 2007 பேப்பர் கிடைக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடிட்டு இருக்கிற ஜூனியர்ஸ், நாலாவது தடவையா ஸ்மார்ட் டஸ்ட்பின் பண்றதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை படிங்க.

இப்போ என்ன மாறிடுச்சு?

ஸ்டார்லிங்க் வந்துடுச்சு.

குறை சொல்றதுக்கு முன்னாடி அது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒத்துக்கணும். பழைய சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில். நீங்க கேட்டு, பதில் வந்து சேர அரை செகண்டுக்கு மேல். ஸ்டார்லிங்க் சாட்டிலைட் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில். தாமதம் சில பத்து மில்லி செகண்ட்தான். கம்பம் வேண்டாம், ஃப்ரெனல் கணக்கு வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். டிஷ்ஷைத் தரையில் வைத்து, பேட்டரியில் சொருகினால் அதுவே வானத்தைத் தேடிக்கொள்ளும். 2022-லிருந்து திருவிழாவில் கேம்ப் கேம்ப்பாக இந்த வெள்ளை டிஷ் தெரிய ஆரம்பித்தது.

எனக்கு உறுத்துறது டெக்னாலஜி இல்ல, அதை வாங்கி வெச்சுக்கிற விதம். முன்னாடி நெட் வேணும்னா கம்பம் நட்ட கேம்ப்புக்கு நடந்து போகணும். அவங்க தோசைக்கல் பக்கத்துல உட்கார்ந்து, உங்க டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்கணும். "மத்தியானம் கூட்டம் ஜாஸ்தி, ராத்திரி வாங்க"ன்னு அவங்க சொன்னா கேட்டுக்கணும். அங்கே நெட் ஒரு உறவு. இப்போ அது ஒரு மாசச் சந்தா. நானூறு ஐநூறு டாலர் உள்ளவன் கேம்ப்ல நெட் உண்டு, பக்கத்து கேம்ப்ல இல்லை. பாஸ்வேர்ட் போட்ட நிமிஷமே, எதையும் விற்காத ஊருக்குள்ள வாங்கினவன், வாங்காதவன்னு ரெண்டு சாதி வந்துடுது.

எஞ்சினியரிங்காப் பார்த்தாலும் இதுல ஒரு ஏமாற்று இருக்கு. தனி டிஷ் வாங்கினா தனி நெட்டுன்னு தோணும். உண்மையில் சாட்டிலைட்டின் ஒரு பீம் தரையில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரியும். ஊர் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். அந்த பீமின் கொள்ளளவைத்தான் எல்லா டிஷ்களும் பங்கு போட வேண்டும். ஆக, பங்கு போடுறது எப்படியும் நடக்குது. முன்னாடி பங்கு போட்டவன் கூடாரத்துக்குப் போய்ச் சண்டை போடலாம். இப்போ யாரோட போய்ப் பேசுறது? ஆளுக்கொரு டிஷ், ஒவ்வொன்றுக்கும் ஐம்பதிலிருந்து நூறு வாட் கரண்ட், அதுக்கு ஒவ்வொரு கேம்ப்பிலும் ஜெனரேட்டர் சத்தம். ஐம்பது கேம்ப்புக்கு ஐந்து டிஷ் வைத்துச் சேர்த்து ஓட்டினால், மெசேஜுக்கும் அவசரத்துக்கும் தாராளமாகப் போதும்.

சேறு கற்றுக்கொடுத்த பாடம்

"சரி, ஒரு வாரக் கூத்துக்கு இவ்வளவு யோசனையா?"ன்னு கேட்கிறவங்களுக்கு 2023.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. பாலைவனத்தில் மழை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், நம்ம ஊர்ல அதுக்கு ஸ்கூல் லீவுகூட விட மாட்டாங்க. ஆனால் அந்தத் தூசி நனைந்தால் பிசைந்த களிமண். சக்கரம் சுற்றாது, செருப்பு கழன்று போகும். வாசலை மூடினார்கள். வண்டி ஓட்டத் தடை. இருக்கிற சாப்பாட்டையும் தண்ணீரையும் சிக்கனமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எழுபதாயிரம் பேர் மாட்டிக்கொண்டார்கள். கிறிஸ் ராக், டிப்லோ மாதிரி பிரபலங்கள் சேற்றில் பல கிலோமீட்டர் நடந்து, வழியில் வந்த ஒரு ரசிகரின் வண்டியில் ஏறித் தப்பித்த வீடியோ நீங்களும் பார்த்திருப்பீங்க. திங்கட்கிழமைதான் வண்டிகள் கிளம்பின. மர மனிதனும் அன்று இரவுதான் எரிந்தான்.

அந்த மூன்று நாளும் வெளியுலகத்தில் என்ன நடந்தது? உள்ளே எபோலா பரவிவிட்டது என்று ஒரு வதந்தி. அரசு சுகாதார அமைப்பு சொன்ன மாதிரியே போலி ஸ்கிரீன்ஷாட். பச்சைப் பொய். ஆனால் வெளியே இருந்த அம்மா அப்பாவுக்கு அது பொய் என்று எப்படித் தெரியும்? உள்ளே இருப்பவனால் "நான் நல்லா இருக்கேன்" என்று மூன்று வார்த்தை அனுப்ப முடிந்தால் போதும், அந்த வதந்தி அந்த வீட்டு வாசலிலேயே செத்துப்போகும். அந்த மூன்று வார்த்தை எவ்வளவு பெருசு? ஆயிரம் பைட்கூட வராது. மேலே சொன்ன 14 கிலோபிட்டில் ஒரு செகண்டுக்குள் போய்விடும்.

அப்போது நடத்துகிற அமைப்பு செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நகரத்தின் பல இடங்களுக்கு நடமாடும் செல் டவர் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தங்கள் வேலைக்காக வைத்திருந்த வைஃபையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்தார்கள். அதாவது நெருக்கடி வந்ததும், நெட் பொதுச் சொத்தாகத்தான் மாற வேண்டியிருந்தது. கேம்ப்புக்கு ஒரு டிஷ் என்கிற முறை அன்னைக்கு எல்லாருக்கும் உதவணும்னா, அந்தந்த கேம்ப்காரர் மனசு வெச்சு பாஸ்வேர்டைச் சொன்னாத்தான் உண்டு.

இன்னொரு விஷயம். அன்றைக்கு அறிவிப்புகளுக்கு எல்லாரையும் கேட்கச் சொன்னது 94.5 எஃப்எம். திருவிழாவின் சொந்த ரேடியோ. ஒரே டிரான்ஸ்மிட்டர். ஒருத்தர் கேட்டாலும் எழுபதாயிரம் பேர் கேட்டாலும் அதற்கு லோடு ஒன்றுதான். "வாசல் திறந்தாச்சா?" என்ற ஒரே கேள்விக்கு எழுபதாயிரம் தனித்தனி பதிலை இன்டர்நெட்டில் அனுப்புவது முட்டாள்தனம். பிராட்காஸ்ட், யூனிகாஸ்ட் வித்தியாசத்தை இதைவிடத் தெளிவா எந்த லெக்சரும் எனக்குச் சொன்னதில்லை.

"போன் இல்லாம இருக்கத்தானே போறாங்க?"

இதுதான் எதிர்த்தரப்பின் பலமான வாதம். நெட் இல்லாத ஒரு வாரம் கிடைக்கும்னுதான் பாதிப் பேர் போறாங்க. அதையும் கொண்டுபோய் நிறைச்சா அப்புறம் என்ன பாலைவனம்? மேடையில ஆடுறவனைப் பார்க்காம எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சு லைவ் போட்டுட்டு நிப்பாங்க.

நான் இதை மதிக்கிறேன். ஆனா இந்த வாதம் நெட்டே கூடாதுன்னு சொல்லல. நெட் எல்லா இடத்துலயும் கூடாதுன்னுதான் சொல்லுது. நம்ம அப்பா அம்மா காலத்து எஸ்டிடி பூத்தை நினைச்சுக்கோங்க. போன் ஊருக்குள்ள இருந்தது, பாக்கெட்ல இல்ல. பேசணும்னா நடந்து போவாங்க, வரிசையில நிப்பாங்க, பேசிட்டு வந்துடுவாங்க. திரும்பி வரும்போது போன் பின்னாடியே வராது.

பாலைவன நெட்டும் அப்படி இருக்கலாம்கிறதுதான் என் கட்சி. ஊரின் நாலைந்து இடத்தில் கம்பம். அதன் நிழலில் மட்டும் நெட். மெசேஜும் சின்ன டெக்ஸ்டும் முதலில் போகும். வீடியோ கடைசி, இடம் இருந்தால் மட்டும். மருத்துவக் கூடாரத்துக்கும் அவசர வேலைக்கும் எப்போதும் தனி ஒதுக்கீடு. பெருமழை, புயல் என்றால் கட்டுப்பாட்டைத் தளர்த்தி எல்லாருக்கும் "நான் நல்லா இருக்கேன்" மெசேஜ் மட்டும் இலவசம். பொது அறிவிப்பு எல்லாம் எஃப்எம். வெளியே போகும் இணைப்பு ஸ்டார்லிங்காகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த டிஷ் பொதுக் கம்பத்தின் மேல் இருக்கட்டும். தண்ணி லாரி தெருவுக்கு வர்ற மாதிரி நெட்டும் தெருவுக்கு வரட்டும்.

இதுல எதுவும் புது டெக்னாலஜி இல்லைன்னு கவனிச்சீங்களா? க்யூஓஎஸ், கேப்டிவ் போர்ட்டல், விஎல்ஏஎன், எல்லாம் நம்ம சிலபஸ்லயே இருக்கு. இல்லாதது ஒண்ணுதான்: யாருக்கு முதல்ல போகணும், யாரு காத்திருக்கணும்னு முடிவு எடுக்கிறது. அதை நம்மகிட்ட யாரும் கேட்கிறதில்லை. டிராஃபிக் மாடலைக் கொடுத்துடுவாங்க, த்ரூபுட் கண்டுபிடிக்கச் சொல்வாங்க. யாரோட டிராஃபிக்னு கேள்வித்தாள்ல இருக்காது.

இன்னும் சில மாசத்துல நம்மள்ல பாதிப் பேர் ஆஃபர் லெட்டரோட போய்டுவோம். அதுல தப்பில்லை, கடன் இருக்கு, வீடு இருக்கு. போற கம்பெனியில நமக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் முதல் வரியே வருமானம் எங்கிருந்துன்னுதான் இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது, வருமானமே இல்லாத ஒரு இடத்துக்கு டிசைன் பண்ணிப் பாருங்க. நெவாடா வரைக்கும் போக வேண்டாம். ஓபன்பிடிஎஸ் கோடு திறந்தே கிடக்கு. ஜிஎஸ்எம் அலைவரிசையில மட்டும் அனுமதி இல்லாம கை வெச்சுடாதீங்க, அது குற்றம். லேப்ல கேபிள் போட்டு அட்டென்யூவேட்டர் வெச்சுப் பாருங்க. வைஃபைன்னா ரெண்டு பழைய ரூட்டர், ஓபன்டபிள்யூஆர்டி, மொட்டை மாடி போதும்.

டிபார்ட்மெண்ட்ல இதுக்கு ஒரு டீம் சேர்க்கலாம்னு இருக்கேன். அடுத்த சிம்போசியத்துக்கு ஒரு நாள் முழுக்க, ஸ்பான்சர் பேர் இல்லாத, டெக்ஸ்ட் மட்டும் போற ஒரு பொது நெட்வொர்க்கை ஓட்டிப் பார்க்கணும். எவ்வளவு பேர் தாங்குதுன்னு அளந்து, நம்பரை அடுத்த இதழ்ல போடுறோம். கம்பம் தூக்க ஆள் வேணும். தேர்ட் இயர், செகண்ட் இயர் யாரா இருந்தாலும் வாங்க.